லிஸ்ட்ல ‘ஏ.பி.’னு போட்டது நான்தான்

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். எல்.கே.ஜி.ல இருந்து இன்னிக்கு வரைக்கும் நான் இங்கிலீஷ் மீடியம். பத்தாவது தமிழ் பரீட்சைக்கு அப்புறம் தமிழ்ல முழுசா ஒரு பக்கம் எழுதுறது இதுதான் முதல் தடவை. எழுத்துப்பிழை இருந்தா எடிட்டர் டீமைத் திட்டுங்க. கருத்துப்பிழை இருந்தா என்னைத் திட்டுங்க.

அடுத்த மாசம் நம்ம காலேஜ் ஸ்போர்ட்ஸ் மீட். வாலண்டியர் கூகுள் ஃபார்ம் வந்தாச்சு. எங்க கிளாஸ் குரூப்ல அந்த லிங்க் வந்த உடனே கீழ வந்த முதல் கேள்வி, “ஓ.டி. உண்டா?” ரெண்டாவது கேள்வி, “சர்டிஃபிகேட் உண்டா?” என்ன வேலைன்னு யாரும் கேட்கல. நான் யாரையும் கிண்டல் பண்ணல. செகண்ட் இயர்ல நான் கேட்டதும் இதே ரெண்டு கேள்விதான், இதே வரிசையில.

மூணு மீட்ல வேலை பார்த்தாச்சு, இது நாலாவது. அந்த அனுபவத்துல ஒரே ஒரு விஷயம் சொல்லணும்னுதான் இதை எழுதுறேன். நமக்கு அது ஒரு நாள் ஓ.டி. ஓடுறவங்களுக்கு அது ஒரே ஒரு சான்ஸ். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் தெரியாத ஆளை கிரவுண்டுக்குள்ள விடக்கூடாது. விடக்கூடாத ஆளா முதல்ல இருந்தது நான்தான்.

அன்னிக்கு என்ன நடந்துச்சு

செகண்ட் இயர். எனக்குக் கொடுத்த இடம் கால் ரூம். ரூம்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க. வேப்பமரத்துக்குப் பக்கத்துல ஒரு ஷாமியானா, ரெண்டு பிளாஸ்டிக் சேர், ஒரு மேஜை, ஒரு மைக், பேர் லிஸ்ட். ஒவ்வொரு ஈவென்ட்டுக்கும் மூணு தடவை கூப்பிடணும். வந்தவங்க பேருக்கு டிக் போடணும், செஸ்ட் நம்பர் சரிபார்க்கணும், ஹீட் பிரிச்சு ஸ்டார்ட்டர்கிட்ட அனுப்பணும். வராதவங்க பேருக்கு நேரா ‘ஏ.பி.’ போடணும். ஆப்சென்ட். இவ்வளவுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. சொல்லிக் கொடுத்த சீனியருக்கு அதுக்கு நாலு நிமிஷம் ஆச்சு, அதுவும் நடந்துகிட்டே.

மத்தியானம் பெண்கள் 200 மீட்டர் ஹீட்ஸ். அதே நேரத்துல கிரவுண்டோட அந்தப் பக்கம் பெண்கள் லாங் ஜம்ப்பும் ஓடிக்கிட்டிருந்துச்சு. ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு ஒருத்தி வந்தா. “அக்கா, எனக்கு 200-உம் இருக்கு, லாங் ஜம்ப்பும் இருக்கு. இப்ப குழிக்கிட்ட என் டர்ன் வருது. குதிச்சுட்டு ஓடி வந்துடுறேன். அதுக்குள்ள ஹீட் போற மாதிரி இருந்தா யாரையாவது அனுப்புங்கக்கா.” நான் “ஓகேமா”ன்னேன். நிஜமாவே அனுப்பணும்னுதான் நினைச்சேன்.

அதுக்கப்புறம் மேடைப் பக்கம் ஏதோ போட்டோ எடுக்கிறாங்கன்னு கூப்பிட்டாங்க. அஞ்சு நிமிஷம் போயிட்டு வந்தேன். வந்து பார்த்தா, “இன்னும் ஹீட்ஸ் அனுப்பலையா?”ன்னு ஸ்டார்ட்டர் பக்கத்துல இருந்து சத்தம். நான் மைக்கைப் பிடிச்சு, கான்வென்ட் இங்கிலீஷ்ல, ஃபைனல் கால், விமன்ஸ் டூ ஹண்ட்ரட் மீட்டர்ஸ், ரிப்போர்ட் டு தி கால் ரூம்னு ரெண்டு தடவை படபடன்னு சொன்னேன். அவ வரல. குதிக்கிறதுக்கு நிக்கிற பொண்ணுக்கு மைக்ல யாரோ இங்கிலீஷ்ல இரைச்சல் போடுறது எங்க கேட்கும்? அவ பேருக்கு நேரா ‘ஏ.பி.’னு எழுதி, லிஸ்டைக் கொடுத்துட்டேன்.

மூணாவது ஹீட் முடியுற நேரம் அவ ஓடி வந்தா. முழங்கால் வரைக்கும் மணல். “அக்கா, என் ஹீட்?” முடிஞ்சிடுச்சுமான்னேன். அவ கத்தல, சண்டை போடல. “நான் சொல்லிட்டுதானேக்கா போனேன்”னு மட்டும் சொன்னா. நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “நாங்க மூணு தடவை கூப்பிட்டோமே.”

அது பொய் இல்ல, மூணு தடவை கூப்பிட்டது உண்மை. ஆனா அந்த உண்மைக்குப் பின்னாடி ஒளிஞ்சுகிட்டேன். லாங் ஜம்ப் குழி என் மேஜையில இருந்து ஒரு 60, 70 மீட்டர். என் பக்கத்துல ரெண்டு வாலண்டியர் சும்மா உட்கார்ந்து போன் பார்த்துகிட்டிருந்தாங்க. ஒருத்தரை அனுப்பியிருந்தா போதும். அவளை மூணாவது ஹீட்டுக்கு மாத்தி எழுதியிருந்தாலும் போதும். பி.டி. சார்கிட்ட உடனே போய், “சார், என் தப்பு”ன்னு சொல்லியிருந்தா அவர் அப்பவே ஏதாவது செஞ்சிருப்பார். நான் எதுவும் செய்யல. திட்டு வாங்கப் பயம். ரிசல்ட் ஃபைல்ல இன்னிக்கும் அவ பேருக்கு நேரா ஆப்சென்ட்னுதான் இருக்கு. அவ வந்திருந்தா. ஆப்சென்ட் ஆனது நான்.

“சும்மா ஸ்போர்ட்ஸ் டேதானே மச்சி”

இந்தக் கதையை நான் சொன்னப்போ ஃப்ரெண்ட்ஸ் பாதிப் பேர் சொன்ன பதில் இது. காலேஜுக்குள்ள நடக்கிற மீட், ஒலிம்பிக்ஸா என்ன?

ஒலிம்பிக்ஸ் இல்லதான். ஆனா அந்த ரோடு இங்க இருந்துதான் ஆரம்பிக்குது. இந்த மீட்ல முதல் ரெண்டு இடத்துக்கு வர்றவங்களைத்தான் நம்ம காலேஜ் டீமுக்கு எடுக்கிறாங்க. டீம்ல இருந்தாதான் மண்டலப் போட்டிக்குப் போக முடியும். அங்க ஜெயிச்சாதான் யுனிவர்சிட்டி செலக்‌ஷன். யுனிவர்சிட்டிக்கு ஆடினாதான் அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி. 2020-ல புவனேஸ்வர்ல ஆரம்பிச்ச கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளுக்கும் யுனிவர்சிட்டி டீம் வழியாத்தான் போகணும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல அரசு வேலை, ரயில்வே வேலைன்னு வீட்டுல ஒரு கனவு இருக்கிற பசங்களுக்கு இந்த ஏணியில ஒவ்வொரு படியும் கணக்கு. முதல் படியில நின்னுகிட்டு நான் ‘ஏ.பி.’ போட்டேன்.

அவ அந்த வருஷம் லாங் ஜம்ப்ல ரெண்டாவது வந்தா, அதுல டீமுக்குப் போனா. 200-ல அவ எத்தனையாவது வந்திருப்பான்னு யாருக்கும் தெரியாது. ஹீட்லயே வெளியே போயிருக்கலாம், முதல் இடமும் வந்திருக்கலாம். தோத்திருந்தா அது அவளோட தோல்வி, அதை அவ ஏத்துக்கிட்டு அடுத்த வருஷம் இன்னும் நல்லா ஓடுவா. ஓடவே விடாம பண்ணினா அதுல அவ கத்துக்கிறதுக்கு என்ன இருக்கு?

பெரிய இடத்துலயும் இது நடக்கும். 2000 சிட்னி ஒலிம்பிக்ஸ்ல பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆல்-அரவுண்ட் ஃபைனல். வால்ட்னு தாண்டுற சாதனத்தை 125 சென்டிமீட்டர் உயரத்துல வைக்கணும். 120-ல வெச்சிட்டாங்க. உலகத்துல பெஸ்ட்டான பொண்ணுங்க ஒவ்வொருத்தரா வந்து தடுமாறினாங்க. அலானா ஸ்லேட்டர்னு ஒரு ஆஸ்திரேலிய ஜிம்னாஸ்ட், இது உயரம் சரியில்லையேன்னு சொன்ன அப்புறம்தான் அளந்து பார்த்தாங்க. ஏற்கெனவே குதிச்சவங்களுக்கு மறுபடி வாய்ப்பு கொடுத்தாங்க. ஆனா ரஷ்யாவோட ஸ்வெட்லானா கோர்கினா வால்ட்ல விழுந்து, அந்த மனநிலையோட அடுத்து பார்ஸ்லயும் விழுந்துட்டாங்க. மறுபடி குதிக்கலாம்னு அப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்?

5 சென்டிமீட்டர். யாரோ ஒருத்தர் டேப் வெச்சு அளந்திருக்க வேண்டியது.

7.04

தேர்ட் இயர்ல நான் கால் ரூம் வேண்டாம்னு கேட்டு கிரவுண்ட் மார்க்கிங் டீமுக்குப் போனேன். அந்த ஷாமியானாவைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்ல, அதுதான் உண்மையான காரணம்.

அங்கதான் நம்ம மார்க்கர் அண்ணன்கிட்ட வேலை பார்த்தேன். நீங்க காலேஜுக்கு வர்றதுக்கு முன்னாடியே அவர் வந்திருப்பார், சுண்ணாம்புப் பவுடர் வாளியோட நடந்துகிட்டிருப்பார். மண் டிராக்ல கோடு போடுறது சுலபம்னு நினைச்சேன். கயிறு கட்டு, பவுடர் தூவு, முடிஞ்சது.

400 மீட்டர் ஓட்டத்துல எல்லாரும் ஒரே கோட்டுல நிக்க மாட்டாங்க, தெரியும்ல. வெளி லேன்ல ஓடுறவங்களுக்கு வளைவு பெருசு, அதனால அவங்களை முன்னாடி நிறுத்தணும். அதுக்குப் பேரு ஸ்டேகர். எவ்வளவு முன்னாடி? ஒரு லேன் அகலம் 1.22 மீட்டர். ஒரு முழுச் சுத்துக்கு வித்தியாசம் 2 பை இன்டு 1.22, அதாவது 7.66. எம்-1 பாஸ் பண்ணின எல்லாருக்கும் இது தெரியும். நான் போன்ல கால்குலேட்டரைத் தட்டி, அண்ணன்கிட்ட ஸ்டைலா சொன்னேன், “அண்ணா, ரெண்டாவது லேனுக்கு 7.66.”

அவர் டேப்பை நீட்டிக்கிட்டே, “7.04மா”ன்னார்.

“இல்லண்ணா, கணக்குப்படி...”

“மூணுக்கு 14.70. நாலுக்கு 22.37. நீ போட்டுப் பாரு.”

14.70-ல இருந்து 7.04-ஐ கழிச்சா 7.66. அப்போ மூணாவது லேனுக்கு என் கணக்கு சரி. ரெண்டாவதுக்கு மட்டும் தப்பா? அவர் மனப்பாடம் பண்ணினதுல ஏதோ கோளாறுன்னு எனக்கு அப்பவும் சந்தேகம். “முதல் லேன்ல மட்டும் என்னண்ணா ஸ்பெஷல்?”னு கேட்டேன்.

அவர் உள்பக்க விளிம்பைக் காலால தட்டிக் காட்டினார். நம்ம டிராக்ல உள்பக்கம் செங்கல் வெச்சு மேடா கட்டியிருக்கு, பார்த்திருப்பீங்க. “இங்க கல்லு இருக்கு. முதல் லேன்ல ஓடுறவன் கால் தட்டும்னு பயந்து தள்ளி ஓடுவான். மத்த லேன்ல வெறும் கோடுதானே, ஒட்டி ஓடுவான்.”

அப்புறம் ஹாஸ்டல் போய் ரூல் புக்கைத் தேடிப் படிச்சேன். முதல் லேனை மேடான விளிம்புல இருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளக்கணும். மத்த லேன்களை உள்கோட்டுல இருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி. அந்த 10 சென்டிமீட்டர் வித்தியாசம்தான். 1.22-ல 0.10 கழிச்சா 1.12, அதை 2 பையால பெருக்கினா 7.04. சரியா வருது.

என் கணக்குப்படி கோடு போட்டிருந்தா ரெண்டாவது லேன்ல இருந்து வெளிப்பக்கம் ஓடுற எல்லாருமே 62 சென்டிமீட்டர் கம்மியா ஓடியிருப்பாங்க. முதல் லேன்ல இருக்கிறவங்க மட்டும் முழு தூரம் ஓடணும். ஒரு நிமிஷத்துல 400 ஓடுற ஆளுக்கு 62 சென்டிமீட்டர்னா ஏறக்குறைய 0.09 செகண்ட். இதுல என்ன இருக்குன்னு தோணுதா? 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ்ல 400 மீட்டர் தடை ஓட்டத்துல பி.டி. உஷா 55.42 செகண்ட். வெண்கலம் வாங்கின ருமேனியாவோட கோஜோகாரு 55.41. வித்தியாசம் 0.01. நான் போட இருந்த தப்பு அதைவிட ஒன்பது மடங்கு.

இதுல எனக்கு உறைச்சது ஃபார்முலா இல்ல. செங்கல்லைப் பார்த்தா ஓடுறவன் கால் எங்க விழும்னு அவருக்குத் தெரியும். எனக்கு பைதான் தெரியும்.

சந்தேகம் வந்தா யார் பக்கம்?

அதே வருஷம் டைம்கீப்பர் பற்றாக்குறைன்னு என் கையில ஸ்டாப்வாட்ச் கொடுத்தாங்க. 100 மீட்டருக்கு நீங்க ஃபினிஷிங் லைன்ல நிப்பீங்க. ஸ்டார்ட்டர் 100 மீட்டர் தள்ளி கிளாப்பர் அடிப்பார். சத்தம் கேட்டதும் வாட்சை அமுக்குவீங்க, அதுதானே?

தப்பு. சத்தம் 100 மீட்டர் வந்து சேர கிட்டத்தட்ட 0.3 செகண்ட் ஆகும். அதனால கண்ணால பார்த்துதான் அமுக்கணும். துப்பாக்கின்னா புகையைப் பார்த்து, கிளாப்பர்னா ரெண்டு கட்டையும் சேர்றதைப் பார்த்து. நம்ம மீட்ல ஒரு லேனுக்கு ஒரு வாலண்டியர் டைம் எடுக்கிறோம். மூணாவது லேன் வாலண்டியர் பார்த்து அமுக்கி, நாலாவது லேன் வாலண்டியர் கேட்டு அமுக்கினா, நாலாவது லேன் ஆள் சும்மாவே 0.3 செகண்ட் வேகமாயிட்டார். டைம் பார்த்துதான் ஃபைனலுக்கு எடுக்கிறோம்னா, ஃபைனலுக்குப் போனது ஓடினவர் இல்ல, ஓரத்துல நின்ன வாலண்டியரோட காது.

இன்னொரு ரூல் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. கையால எடுத்த டைம்ல சின்ன பின்னம் இருந்தா மேல்பக்கம் ஏத்தணும். 13.41 வந்தா 13.5-னுதான் எழுதணும். ஆனா லாங் ஜம்ப்பை அளக்கும்போது கீழ்ப்பக்கம் இறக்கணும். 4.876 மீட்டர் வந்தா 4.87. முதல்ல ஒண்ணை ஏத்துறாங்க, ஒண்ணை இறக்குறாங்க, என்னடா லாஜிக்குன்னு நினைச்சேன். யோசிச்சா ரெண்டும் ஒரே நியாயம். செய்யாததைச் செஞ்சதா எழுதக்கூடாது. எல்லாருக்கும் ஒரே மாதிரி.

இந்த நியாயத்தை ரிசல்ட் ஷீட்டுக்கு வெச்சிருக்கோம். நமக்கு வெச்சுக்கிறோமா? அஞ்சு மணி நேரம் ஷாமியானாவுல உட்கார்ந்துட்டு ஆர்கனைசிங் கமிட்டி மெம்பர்னு ரெஸ்யூமேல போடுறோம். என் ரெஸ்யூமேலயும் அந்த வரி இருக்கு. நம்மளை நாம எப்பவும் மேல்பக்கம்தான் ரவுண்ட் பண்ணிக்கிறோம்.

அப்போ என்ன பண்ணலாம்?

குறை மட்டும் சொல்லிட்டுப் போனா அது நியாயம் இல்ல. மூணு மீட்ல பார்த்ததை வெச்சு நான் சொல்றது இது.

முதல்ல ஆளைக் குறைங்க. போன வருஷம் நம்ம வாலண்டியர் குரூப்ல 60 பேருக்கு மேல. கிரவுண்ட்ல வேலை பார்த்தது 20 பேர் இருக்கலாம். மிச்சப் பேர் மேடைக்குப் பின்னாடி, ஜூஸ் கடையில, ரீல்ஸ்ல. 25 பேர் போதும், ஆனா வேலை தெரிஞ்ச 25 பேர்.

ரெண்டாவது, அந்த 25 பேருக்கும் மீட்டுக்கு முன்னாடி ரெண்டு சாயங்காலம் கிரவுண்ட்ல கிளாஸ். பி.டி. சாரும் மேடமும் ரூல் சொல்லட்டும். மார்க்கர் அண்ணன் மார்க்கிங்கும் அளவும் சொல்லிக் கொடுக்கட்டும். ஒவ்வொரு வருஷமும் நிறைவு விழாவுல அவரை மேடைக்குக் கூப்பிட்டு சால்வை போடுறோம். அவர் சால்வையை மடிச்சு பைல வெச்சுட்டு, கொடிக்கம்பு பிடுங்கப் போயிடுவார். சால்வை போடுங்க, வேண்டாம்னு சொல்லல. கூடவே நோட்டு பேனா எடுத்துட்டுப் போய் அவர்கிட்ட பாடம் கேளுங்க. அதுக்கு அவருக்கு ஓவர்டைமும் கொடுக்கச் சொல்லிக் கேளுங்க.

மூணாவது, கால் ரூம்ல ஒரு தனி பேப்பர். ஒரே நேரத்துல ரெண்டு ஈவென்ட் இருக்கிறவங்க பேர் அதுல தனியா இருக்கணும். அந்தப் பேருக்கு நேரா ‘ஏ.பி.’ போடணும்னா, ஒரு ஆள் நேர்ல குழிக்கோ வளையத்துக்கோ போய்ப் பார்த்துட்டு வந்து கையெழுத்துப் போடணும். இந்த வருஷ கோஆர்டினேட்டர்ஸ்ல நானும் ஒருத்தி. இதை மட்டும் எப்படியாவது கொண்டு வந்துடுவேன்.

நாலாவது, அனவுன்ஸ்மென்ட் தமிழ்ல. “200 மீட்டர் பெண்கள் எல்லாரும் வேப்பமரத்துக்கிட்ட வாங்க”ன்னு சொன்னா எல்லாருக்கும் புரியும். கால் ரூம்னா என்னன்னே தெரியாத ஃபர்ஸ்ட் இயர் பசங்க நிறைய பேர் இருக்காங்க. என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியம் ஆளுங்களுக்கு மைக் கிடைச்சா கொஞ்சம் சீன் போடத் தோணும். ஆர்.ஜே. ஆகணும்னா கல்ச்சுரல்ஸ் இருக்கு.

அஞ்சாவது, தப்பு நோட்டு. மீட் முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலம், ஒவ்வொரு வாலண்டியரும் தன்னால நடந்த ஒரு தப்பை ஒரு நோட்ல எழுதணும். பேர் போட வேண்டாம். அடுத்த வருஷ டீம் முதல்ல அதைத்தான் படிக்கணும். லேப்ல ஒரு காம்பொனென்ட் எரிஞ்சா ஏன் எரிஞ்சதுன்னு ரெக்கார்டுல எழுதுறோம்ல, அதே மாதிரி. நான் ‘ஏ.பி.’ போட்டது எந்த நோட்லயும் இல்ல. அதனால அடுத்த வருஷமும் கால் ரூம்ல உட்கார்ந்தவங்களுக்கு அதே நாலு நிமிஷப் பாடம்தான் நடந்துச்சு.

“சம்பளமா கொடுக்கிறாங்க?”

இந்தக் கேள்வியும் வரும். நியாயமான கேள்வி. காலையில ஆறு மணிக்கு வரச்சொல்லி, மத்தியானம் ரெண்டரை மணி வரைக்கும் சாப்பாடு வராம, வெயில்ல நின்னு, கடைசியில “நீங்க ஒழுங்கா பண்ணல”ன்னு திட்டு வாங்கினவங்க நாங்க. வாலண்டியருக்குத் தண்ணி கேன் எங்க இருக்குன்னு கூட யாரும் சொல்ல மாட்டாங்க. ஓசியில வேலை வாங்கிட்டு இவ்வளவு கேட்கிறது ஓவர்னு சொன்னா, பாதி ஒத்துக்கிறேன். காலேஜ் நேரத்துக்கு சாப்பாடு போடணும், நிழல் கொடுக்கணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆள் மாத்தணும். பசி மயக்கத்துல இருக்கிறவன் கையில ஸ்டாப்வாட்ச் கொடுத்தா அவன் என்ன டைம் எடுப்பான்?

ஆனா மீதிப் பாதியை ஒத்துக்க மாட்டேன். ஓடுறவங்களுக்கும் யாரும் சம்பளம் கொடுக்கல. அந்தப் பொண்ணு தினமும் காலையில அஞ்சரைக்கு கிரவுண்ட்ல இருப்பா, எட்டரைக்கு கிளாஸ்ல இருப்பா. அவ என்கிட்ட கேட்டது ஒரு ஆளை அனுப்பச் சொல்லி, அவ்வளவுதான். ஃப்ரீயா செய்யுற வேலைன்னா சுமாரா செய்யலாம்னு அர்த்தம் இல்ல. முடியாதுன்னா முதல்லயே முடியாதுன்னு சொல்லலாம், ஃபார்ம் ஃபில் பண்ணாம இருக்கலாம். அது ரொம்ப கௌரவமான முடிவு.

கடைசியா

அவகிட்ட சாரி சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. தேர்ட் இயர் மீட் முடிஞ்ச சாயங்காலம், கயிறு சுத்திக்கிட்டிருந்தேன். அவ பக்கத்துல தண்ணி குடிச்சிக்கிட்டிருந்தா. போய், “போன வருஷம் கால் ரூம்ல இருந்தது நான்தான். நீ சொல்லிட்டுதான் போன. நான்தான் மறந்துட்டேன்”னேன். அவ சிரிச்சா. “தெரியும்க்கா”ன்னா. அப்புறம், “நீங்க அப்பவே சார்கிட்ட சொல்லியிருக்கலாம். எங்க வீட்ல நான் ஓடப் பயந்து போகலன்னு நினைச்சுக்கிட்டாங்க”ன்னா.

மன்னிச்சுட்டாளான்னு நான் கேட்கல, கேட்கிற உரிமை இருக்கிறதா தோணல. மறுநாள் பி.டி. சார்கிட்ட போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் எதுவும் பேசல. “அன்னிக்கே சொல்லியிருந்தா ஃபைனலுக்கு முன்னாடி அவளைத் தனியா ஓட விட்டு டைம் எடுத்திருப்பேன்மா”ன்னார். இது இன்னும் மோசமா இருந்துச்சு. சரி பண்ண முடியாத தப்புன்னு நினைச்சுதான் ஒரு வருஷம் வாயை மூடியிருந்தேன். பத்து நிமிஷத்துல சரி பண்ணியிருக்கலாம்.

அதனால ஜூனியர்ஸுக்கு இதுதான். ஃபார்ம் ஃபில் பண்ணுங்க, ஓ.டி.யும் வாங்கிக்கோங்க, அதுல தப்பே இல்ல. ஆனா அன்னிக்கு ஏதாவது தப்பா போச்சுன்னா, உடனே ஓடிப்போய் சொல்லுங்க. திட்டு விழும். அஞ்சு நிமிஷம்தான் விழும்.

இந்த வருஷம் நான் மறுபடியும் கால் ரூம் கேட்டு வாங்கியிருக்கேன். அவ இப்ப தேர்ட் இயர். லிஸ்ட்ல 200-உம் இருக்கு, லாங் ஜம்ப்பும் இருக்கு. ரெண்டும் இந்தத் தடவையும் ஒரே நேரத்துலதான் வருது. அந்த நேரத்துக்கு குழிக்கும் மேஜைக்கும் நடுவுல ஓட எனக்கு ரெண்டு ஆள் வேணும். போட்டோ எடுக்கப் போகாத ஆளா இருந்தா நல்லது. வர்றவங்க வியாழக்கிழமை நாலரை மணிக்கு வேப்பமரத்துக்கிட்ட வாங்க, மார்க்கர் அண்ணனும் இருப்பார்.